மேசைமேல் ஒட்டிய சீட்டு

நாகராஜ் சார் இரண்டே விரல்களால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் அவருடைய ஆள்காட்டி விரல் விசைப்பலகைக்கு மேலே சற்று நேரம் நின்று தேடும். கண்டுபிடித்ததும் ஓங்கிக் குத்தும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கம்பெனி கிரீஸ் அவர் நகக்கண்களில் கறுப்பாகத் தங்கியிருந்தது.

"ஏம்மா, 'பின்வருவனவற்றுள்'னு ஏன் இவ்ளோ நீளமா எழுதறாங்க? 'இதுல'ன்னு கேட்டா பசங்க பதில் எழுத மாட்டாங்களா?" என்றார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த நான் சிரித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து அவர் அப்படித் தட்ட வேண்டிய தேவையே இல்லை. அந்தத் தவறைச் செய்தவள் நான். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். போன வாரம் இந்தத் தொடரில், திருமணமாகி ஓசூருக்கு வந்த கதையை எழுதியபோதே இதைத் தாண்டிப் போய்விடலாம் என்றிருந்தது. தாண்டினால் பிறகு எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மாடி அறை

இன்று எல்.கே.ஜி. போகும் என் மகள் நித்யா, அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ரஹீம் பாயின் கடை. கீழே டி.டி.பி. வேலை, ரப்பர் ஸ்டாம்ப், கல்யாணப் பத்திரிகை. மேலே ஒரு காலி அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். என்னைத் தவிர எல்லாரும் தொழிற்சாலைக்காரர்கள். பாய் அறைக்கு வாடகை வாங்கியதில்லை. டீயும் அவர் கணக்கு.

கூடியது லினக்ஸ் என்ற ஒன்றுக்காக. கம்ப்யூட்டர் விழித்து எழுந்து வேலை செய்ய அடிப்படையாக ஓர் இயங்குதளம் வேண்டும். அதை முறையாக விலை கொடுத்து வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். ஊரில் பெரும்பாலும் திருட்டுப் பிரதிதான். லினக்ஸை உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டிருந்தார்கள். அதை இந்த ஊரில் பரப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் வேலை.

பரப்புவதற்கு சி.டி. வேண்டும். சி.டி.யில் பதிவு செய்யும் கருவி அப்போது பெரிய விலை. அதை வாங்கத்தான் நாகராஜ் சார் கம்பெனி பஸ்ஸில் ஒரு பழுப்புக் கவரை வைத்துக்கொண்டு சக தொழிலாளர்களிடம் காசு கேட்டு வந்தார். ஒரு பெரிய ஆலையில் மராமத்துப் பிரிவு எலக்ட்ரீஷியன் அவர். இருபது வருஷ சர்வீஸ். அவர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேலி மட்டும் செய்வார்கள்.

"இலவசம்ங்கற, அப்புறம் காசு கேக்கற. என்ன அண்ணே இது?"

"வெயில் காலத்துல தண்ணிப் பந்தல்ல மோர் சும்மா குடிச்சியே, பானைய யாருடா வாங்கினாங்க?"

அவருடைய பிரசாரம் அவ்வளவுதான். அதற்கே கவர் பருத்துக்கொண்டு வந்தது.

எனக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. தளி ரோட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கு யாரோ கொடுத்த மூன்று கம்ப்யூட்டர்கள் உறையைக் கழற்றாமலே கிடந்தன. அவற்றில் லினக்ஸ் போட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தொடக்கூடாத பெட்டி

அந்த ஆசைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. கிருஷ்ணகிரியில் நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தபோது, குளிர்சாதன அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பெட்டிக்கு ஆறு பேர். ஒருவர் தட்ட ஐந்து பேர் பார்ப்போம். தட்டுகிறவர் எப்போதும் பையனாகத்தான் இருப்பார். ஒருமுறை திரையில் தெரிந்த ஏதோ ஒன்று என்னவென்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள இருக்கற சமாச்சாரம், உனக்கு வேண்டாம்" என்றார் ஆசிரியர். சான்றிதழில் முதல் வகுப்பு என்றிருக்கிறது. இரண்டு வருஷத்தில் நான் விசைப்பலகையைத் தொட்ட நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள் தேறாது.

பாயின் மாடிக்கு முதல்முறை போன அன்று, நாகராஜ் சார் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, "பெட்டியத் தொறந்து பாரும்மா, கடிக்காது" என்றார். அதன் பிறகு என் கணவர் வேண்டாம் என்று சொன்ன ஞாயிறுகளிலும் நான் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஆம்பளைங்க நடுவுல கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போற. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல உன் பேருதான் அடிபடும்" என்பார். அவர் சொல்வது சரிதானோ என்று ஒவ்வொரு ஞாயிறும் படியேறும்போது நினைப்பேன்.

ஷிப்ட் வழக்கம்

ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி முடிக்க அப்போது அரைநாள் ஆகும். வந்தவர்கள் எல்லாருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருவர் தொடங்குவார், பாதியில் கிளம்புவார், அடுத்தவர் முடிப்பார். அதனால் தொழிற்சாலை வழக்கத்தையே மாடிக்கும் கொண்டுவந்திருந்தோம். எதுவரை முடிந்தது, அடுத்து என்ன என்று ஒரு சீட்டில் எழுதி, பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, மேசை விளிம்பில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். வருகிறவர் சீட்டைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தொழிற்சாலையில் இது சரியாக நடக்கும். அங்கே லேத் மெஷின் எழுந்து வேறு இடத்துக்கு நடந்து போகாது.

அந்த ஞாயிறு மாடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று, ஆலையில் கழித்துக் கட்டிய பழைய பெட்டி. அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மற்றது, பாயின் கடைப் பெட்டி. அதில் அவருடைய வேலைகளை அப்படியே வைத்து, காலியிடத்தில் மட்டும் லினக்ஸ் போட வேண்டும். இரண்டும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் உதிரி பாகங்களைக் கோத்து வாங்கியவை. ஒரே மாதிரி மங்கல் வெள்ளை நிறம்.

ஆலைப் பெட்டி வாசலோர மேசையில் இருந்தது. பாயின் பெட்டி சுவரோர மேசையில். நாகராஜ் சார் இரண்டுக்கும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, டீ குடிக்கக் கீழே போனார். ஆலைப் பெட்டியின் பக்க மூடி திறந்து, உள்ளே இருந்த வயர்கள் வெளியே தொங்கின. நித்யா வாசல் நிலையைப் பிடித்து எழுந்து நின்று அந்த வயரை இழுத்தாள். ஒருமுறை தடுத்தேன். மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை வாயில் வைத்தாள்.

நான் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினேன். திறந்திருந்ததைச் சுவரோரம் வைத்தேன். மூடியிருந்த பாயின் பெட்டியை வாசலோரம் வைத்தேன். வயர்களையும் மாற்றிச் செருகினேன். பிறகு நித்யா பசிக்கு அழுதாள். வீட்டுக்குத் தூக்கிப் போய்ச் சோறு ஊட்டி, தூங்க வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மணி இரண்டரை இருக்கும். அதற்குள் ஆலைப் பெட்டியின் மூடியை யாரோ மாட்டியிருந்தார்கள். நாகராஜ் சார் ஓவர்டைமுக்குப் போய்விட்டிருந்தார். குழந்தை எழுந்து அழுவாளோ என்ற ஒரே நினைப்பில் நான் வாசலோர மேசையில் உட்கார்ந்தேன்.

சீட்டில் எழுதியிருந்தது: "பழசு எல்லாம் அழிக்கலாம். சரி பாத்தாச்சு. – நா."

அழித்தேன்.

ஏழு பள்ளிகளின் கேள்விகள்

நாலரை மணிக்குப் பாய் மேலே வந்து, பின்பக்க அடையாளத்தைப் பார்த்துத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் கீழேயிருந்து கூப்பிட்டார். கத்தவில்லை. "கொஞ்சம் கீழ வாங்கம்மா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. சீட்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தேன் என்று சொன்னேன்.

ஏழு பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்கள் அதில் இருந்தன. மூன்று வாரமாக அவரே தட்டியவை. எட்டு நாளில் தேர்வு. ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள் ஒரு கட்டாகப் பத்திரமாக இருந்தன. எனவே மறுபடி தட்டலாம். ஆனால் எட்டு நாளில் ஒரே ஆள் தட்ட முடியாது. தவறினால் அந்த ஏழு பள்ளிக்காரர்களும் இனி அவரிடம் வரமாட்டார்கள்.

மறுநாள் மாலை நாகராஜ் சார் வந்தபோது பாய் மேசையிலிருந்து உரித்தெடுத்த சீட்டை அவர் முன்னால் வைத்தார்.

"உன் எழுத்துதானே நாகராஜு?"

அவர் அதை எடுத்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"என் எழுத்துதான் பாய். மாத்தி ஒட்டிட்டேன் போல."

"போலன்னா?"

"ஞாபகம் இல்ல. ஆனா வேற எப்பிடி? நான்தான்."

நான் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நொடியில்தான் பெட்டிகளை மாற்றி வைத்தது முழுதாக என் நினைவுக்கு வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சீட்டு ஒட்டியது நான் மாற்றுவதற்கு முன்னாலா, பின்னாலா என்று ஒரு சந்தேகத்தை நானே எனக்கு உண்டாக்கிக்கொண்டேன். முன்னால்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சந்தேகம் அப்போது தேவைப்பட்டது. சொன்னால், குழந்தையை வைத்துக்கொண்டு இவள் ஏன் வருகிறாள் என்பார்கள். என் கணவர் சொன்னது சரியாகிவிடும். ஞாயிறு போய்விடும். அந்தப் பள்ளியும் போய்விடும்.

வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் குழுவில் தமிழ் தட்டத் தெரிந்த எல்லாரும் பாய் கடைக்கு வந்தோம். லினக்ஸில் அப்போது தமிழ் எழுத்தைக் கொண்டுவர எங்களுக்குத் தெரியாது. எதற்கு மாற்றாக ஊரெல்லாம் லினக்ஸைச் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அந்தப் பழைய இயங்குதளத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டினோம். தட்டத் தெரியாத நாகராஜ் சாரும் தினமும் வந்தார். நான் நான்கு பக்கம் முடிக்கும்போது அவர் பத்து வரி முடித்திருப்பார். "சார், 'ற' இங்க இருக்கு" என்று காட்டிக்கொடுப்பேன். "தேங்க்ஸ்மா" என்பார். ஒவ்வொரு தேங்க்ஸுக்கும் என் திரைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சனிக்கிழமை மாலை கடைசித் தாளும் அச்சாகி வந்தது. நாகராஜ் சார் கவரை எடுத்துப் பாயிடம் காட்டினார்.

"திங்கக்கிழமை பஸ்ல எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துடறேன் பாய். ஒருத்தரோட பொழப்ப அழிச்சுட்டு, இது நல்ல சாமான், காசு போடுங்கன்னு நான் எப்பிடிக் கேக்கறது? ஞாயித்துக்கெழம இனிமே நான் வரல."

பாய் தடுக்கவில்லை. அவர் கோபம் அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை. மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் இல்லாமல் அந்த அறை நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். கவர் திரும்பிப் போனால் ஓசூரில் லினக்ஸ் அதோடு முடிந்தது.

பஸ் வரும் நேரம்

திங்கள் விடியற்காலையில் என் கணவரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்பார் என்று காத்திருந்தேன்.

"வெளிய பனியா இருக்கு. பாப்பாவுக்கு ஸ்வெட்டர் போட்டுத் தூக்கிட்டுப் போ" என்றார்.

கம்பெனி பஸ் நிற்கும் முனையில் பத்துப் பன்னிரண்டு பேர் காக்கி உடுப்பில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நாகராஜ் சார் கையில் சாப்பாட்டுப் பையும் கவரும். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் முன்னால் வந்தார்.

"என்னம்மா இந்நேரத்துல? பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"பெட்டிய மாத்தி வெச்சது நான் சார்."

"எந்தப் பெட்டி?"

சொன்னேன். வயர், நித்யா, இடம் மாற்றியது, மறந்தது, திங்கள் மாலை நினைவு வந்தது, சொல்லாமல் இருந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ என்று பாதியில் தோன்றியது. ஆனால் அவர் பெயர் கெட்டது தனியாக இல்லையே.

"அண்ணே, அப்ப நீ பண்ணலியா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னிடம், "வாரம் பூரா கேன்டீன்ல ஒண்ணும் சாப்பிடலம்மா இவரு. இவரு பங்கு வடைய நாங்கதான் தின்னோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நாகராஜ் சார் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க" என்றார். எப்போதும் என்னை நீ என்று கூப்பிடுகிறவர். "ஆறு நாளு. இந்த எழுத்து இங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தீங்க. அங்க ஆலைல நான் ஒவ்வொரு சீட்டையும் மூணு வாட்டி படிக்கறேன். கண்ணு போச்சா, புத்தி போச்சான்னு தெரியல. இனிமே கரண்டு வேலை செய்யலாமா வேணாமான்னு எங்க வீட்ல கேட்டேன்."

"மன்னிச்சிடுங்க சார்."

"பாய்க்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"அங்க போய்ச் சொல்லுங்க."

பஸ் வந்தது. கவரைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை. பிரித்துக் கொடுத்துவிடுவாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு முறை

பாய் கடை திறக்க ஒன்பது ஆகும். மூடிய ஷட்டருக்கு முன்னால் படியில் காத்திருந்தேன். அவர் வந்து, பூட்டைத் திறக்காமலே, நின்றபடி முழுவதும் கேட்டார். பிறகு என் பக்கத்தில் இரண்டு முழம் தள்ளிப் படியில் உட்கார்ந்தார்.

"தாள் ஏன் லேட்டுன்னு ஸ்கூல்ல எல்லாம் கேட்டாங்கம்மா. நாகராஜ்னு ஒரு கம்பெனிக்காரரு அழிச்சுட்டாருன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன். ஏழு எடத்துலயும். பேரச் சொல்லி."

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன் பாய்."

"நீ தனியாப் போனா யாருன்னு தெரியும்? எழுந்திரு. நானும் வர்றேன்."

அன்று கடை திறக்கவில்லை. அவர் மொபெட்டில் முன்னால் போவார். நான் நித்யாவோடு டவுன் பஸ்ஸில் போவேன். ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எனக்காக நின்றிருப்பார். உள்ளே போனதும், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவங்க சொல்வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதற்கு மேல் ஒரு சொல்கூட எனக்காகப் பேசவில்லை.

முதல் பள்ளியில் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினேன். மூன்றாவதில் ஒரு கிளார்க், "தாள்தான் வந்துடுச்சே, யாரு அழிச்சா என்னம்மா?" என்றார். அவருக்கு அது ஒன்றும் இல்லைதான். "நாகராஜ் சார் இல்லைங்க, நான்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாவது தளி ரோட்டுப் பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்க மூணு கம்ப்யூட்டர் இருக்கு. அந்த நாகராஜ்ங்கறவர் போன மாசம் வந்து, ஏதோ புதுசா போட்டுத் தர்றேன்னு கேட்டார். விஷயம் தெரிஞ்சதும் அவரைக் கேட்டுக்குள்ளயே விடக்கூடாதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சேன்."

"அவர் செய்யல மேடம்."

"அப்ப உங்களை விடக்கூடாது."

நான் அதற்குத் தயாராக இல்லை. ஆனாலும், "ஆமாங்க மேடம்" என்றேன்.

"அவரை வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

கேட்டுக்கு வெளியே

நாகராஜ் சார் கவரைப் பிரித்துக் கொடுக்கவில்லை என்பது புதன்கிழமை பாய் சொல்லித் தெரிந்தது. சனிக்கிழமை அவர் அந்தப் பள்ளிக்குப் போகிறார் என்றும் சொன்னார். என்னை யாரும் வரச்சொல்லவில்லை. போகவும் கூடாது. இருந்தாலும் நித்யாவைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டுக்கு எதிரே சாலையோர நிழலில் நின்றேன். எதற்காக நின்றேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வியர்வையோடு கேட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, மானிட்டருக்கு ரெண்டு நம்பர் கேக்குது. தப்பாக் குடுத்தா மானிட்டரே போயிடும்னு பயமுறுத்துது. என்ன போடறது?"

"பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர்ல இருக்கும் சார். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து கம்பிக்கு இடையில் நீட்டினார். படித்துச் சொன்னேன். ஒப்பித்தபடியே திரும்பி ஓடினார். கால் மணியில் இன்னொரு கேள்வியோடு வந்தார். அப்புறம் இன்னொன்று.

நான்காம் முறை அவர் கேட்டருகே நின்றபோது, தலைமையாசிரியை வராந்தாவில் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னைப் போகச் சொல்லப்போகிறார்கள் என்று நித்யாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

வாட்ச்மேன் ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்து, அதை வெளியே என் பக்கத்தில் போட்டார். உள்ளே போய்க் கேட்டை மறுபடி சாத்தித் தாழ் போட்டார்.

நான் உட்கார்ந்தேன்.